கீழத்தெரு முழுவதும்

காலை எட்டு மணி அடித்ததும் சரிபார்ப்பு மன்றத்தில் பெயரழைப்புத் தொடங்கிவிடும். நாற்பது மேசைகள், நாற்பது திரைகள். ஏழாவது மேசை ஆவுடைநாயகியுடையது. அவள் செருப்பை மேசைக்கடியில் கழற்றி விட்டு, ஃபிளாஸ்கிலிருந்து தேநீரை மூடியில் ஊற்றி ஆற வைத்துவிட்டு, முதற்பெயரைத் தொடுவாள். பெயரைத் தொட்டால் அதற்குரிய எண் திரையில் வந்து நிற்கும். அந்த எண்ணைத் தொட்டால் அதற்குரிய பெயர் திரும்பி வரும். போன பெயரும் வந்த பெயரும் ஒன்றாயிருந்தால் பச்சை, இல்லையேல் சிவப்பு. ஒரு பெயருக்கு ஒன்பது நொடி. தேநீர் ஆறி வாய்க்குப் பதமாவதற்குள் முப்பது வீடுகள் தாம் தாமே என்று மெய்ப்பித்துவிட்டிருக்கும்.

வீட்டில் எதையும் சேமித்து வைக்கக் கூடாது என்று சட்டம் வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. வீட்டுக்கு வீடு சேமிப்புக் கருவிகள் ஓடினால் மின்சாரம் போதாது, வெப்பம் தாங்காது என்றார்கள். பத்திரம், மருத்துவக் குறிப்பு, மதிப்பெண் பட்டியல், திருமணப் படம், எழுதி அனுப்பாமல் விட்ட கடிதம் என எல்லாம் பொதுப் பேழைக்குப் போயின. பேழைக்குள் குடும்பத்துக்கு ஒரு பெட்டகம். வீட்டுச் சுவரில் செங்கல் அளவில் ஒரு வாயிற்பெட்டி மட்டும் மாட்டியிருக்கும். அதற்கு ஒரு பெயரும் ஓர் ஐ.பி. எண்ணும் உண்டு. பெயர் வீட்டைச் சேர்ந்தது. எண் நிலத்தைச் சேர்ந்தது. இரண்டும் பொருந்தினால் பெட்டகம் திறக்கும், வீட்டுக் கதவும் திறக்கும். பொருந்தாவிட்டால், பிறந்த நாள் முதல் அவ்வீட்டில் வாழ்ந்தவனாக இருந்தாலும் பேழையைப் பொறுத்தவரை அவன் அயலான். கண்ணில்லாத ஒன்றிடம் அடையாளம் காணும் வேலையைக் கொடுத்துவிட்டு, அதனைப் பாதுகாப்பு என்று பெயரிட்டு அழைத்த காலம் அது.

அந்த வியாழக்கிழமை ஆவுடைநாயகியின் பட்டியலில் சிவப்பு மிகுந்திருந்தது. "கீழத்தெரு 112" என்ற பெயரைத் தொட்டாள். பதிவிலிருந்த எண் வந்தது. எண்ணைத் தொட்டாள். "தென்கடல் பண்டகம் 112" என்ற பெயர் திரும்பி வந்தது. அவள் விரல் ஒரு கணம் நின்றது. அடுத்து "கீழத்தெரு 113". அதற்கும் பண்டகமே பதில் சொன்னது. அதற்கடுத்ததும் அப்படியே.

கீழத்தெரு என்ற பெயரை மூன்றாண்டுகளாக அவள் தன் பட்டியலில் பார்த்ததே இல்லை. ஏன் பார்க்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் தேநீரை எடுத்து, ஆறாததை ஆறியதாக எண்ணிக் குடித்து, நாக்கைச் சுட்டுக்கொண்டாள்.

பத்து மணிக்கு மனுக்கூண்டின் முன்னால் ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும். துணிப்பையிலிருந்து ஒரு வாயிற்பெட்டியை எடுத்துப் பலகையின்மேல் வைத்தாள். அதன் நெற்றியில் பீங்கான் தகடு, தகட்டில் எண். உப்புக்காற்றில் தகட்டின் ஓரம் அரித்திருந்தது.

"என் பேரு கித்தேரி, மேடம். கீழத்தெரு நூத்திப்பன்னெண்டு. நம்பரு இதுலயே இருக்கு, பாத்துக்கிடுங்க. தெரு கடலுக்குள்ள போனப்ப வேற ஒண்ணையும் எடுக்கல. இத மட்டும் தலையில வச்சுத் தூக்கிட்டு வந்தேன்."

"பெட்டியக் கழட்டிட்டு வந்துட்டீங்களா?"

"பின்ன, நம்பர நேர்ல கொண்டாந்து காட்டணும்னுதான போட்டிருக்கு!" அவள் மன்றத்தின் கடிதத்தை நீட்டினாள். "எங்க தெருக்காரங்க அத்தனை பேரும் இப்படித்தான் கொண்டாந்தோம். கட்டில விட்டுட்டோம், சாமி படத்தக்கூடச் சில பேரு விட்டுட்டாவ. இத விடல."

ஆவுடைநாயகி அந்தப் பீங்கான் தகட்டைப் பார்த்தாள். ஆயிரத்து நூறு குடும்பத்தினர் எண்ணைத் தம்முடையதென்று நம்பி மேட்டுக்குடியிருப்புக்குத் தலையில் சுமந்து வந்திருக்கிறார்கள். எண் தகட்டில் இல்லை. அது கடலுக்கடியில் போன மண்ணில் இருந்தது. வெள்ளத்தின்போது அரசு அந்த எண்களை மூன்றாண்டுகளுக்கு மட்டும் மேட்டுக்குடியிருப்புக்கு இரவல் விட்டிருந்தது. திங்கட்கிழமை நண்பகலோடு தவணை முடிந்தது. அமிழ்ந்த தெருவின்மேல் தூண் நட்டுக் கட்டிய பண்டகத்துக்கு எண்கள் போய்விட்டன. இதை எவரும் இவர்களுக்குச் சொல்லவில்லை. அறிவிப்பு வெளிவந்திருந்தது, எண்கள் போன பிறகு, அவரவர் பெட்டகத்துக்குள்.

"புது எண்ணுக்கு மனு கொடுங்க," என்றாள் ஆவுடைநாயகி. "நாப்பது நாள்ல பதிஞ்சிரும். பெயர்ச் சான்று மட்டும் வேணும்."

"அது பெட்டகத்துக்குள்ளலா இருக்கு?"

"ஆமா."

"பெட்டகந்தான் தெறக்கலயே!"

கித்தேரி சிரித்தாள்; சிரிப்பில் மகிழ்ச்சி இல்லை. "நல்லாருக்கு மேடம். சாவியப் பூட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டு, சாவியக் கொண்டாங்கிறீங்க. எங்க வீட்டுக்காரருக்கு நாப்பது நாளு கெடையாது. இன்னைக்கு ராத்திரி எட்டு மணி வரைக்கும்தான் இருக்கு."

அவள் கணவன் போனிப்பாஸ் முத்துக்குளித்துறையில் மூழ்காளி. நெஞ்சுக்கு அருகே தோலுக்கடியில் மருந்தூட்டி வைத்திருக்கிறது. அது நாள்தோறும் காலை எட்டு மணிக்கு வாயிற்பெட்டி வழியாகப் பேழையை அணுகி, மருத்துவர் எழுதிவைத்த அளவைப் படித்துக்கொண்டு, அதன்படி மருந்தைச் செலுத்தும். அத்தெருவில் மற்றவர்களிடம் இருப்பவை மாதத்துக்கு ஒருமுறை படிக்கும் புதிய வகை, இவனுடையது பழையது. படிக்க முடியாமற்போனால் மூன்று நாள் பழைய அளவில் ஓடும், பிறகு பன்னிரண்டு மணி நேரம் பாதியளவில் ஓடும், பிறகு நின்றுவிடும். கடைசியாகப் படித்தது திங்கட்கிழமை காலை.

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"போனோம். அளவு பேழையில இருக்கு, அதத் தெறந்து காட்டுங்காவ. காலையில இருந்து உதடு நீலமாயிட்டு வருது மேடம். வெளியில வண்டியிலதான் உக்காத்தி வச்சிருக்கேன்."

ஆவுடைநாயகி எழுந்து, மேற்பார்வையாளர் திரவியத்தின் அறைக்குப் போனாள். திரவியம் பணி ஓய்வுக்கு எட்டு மாதமே மிச்சமுள்ள மனிதர். கதவைச் சாத்தச் சொன்னார்.

"அந்த வரி இன்னும் இருக்கா, அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"எந்த வரி?" என்றார் அவர். எதைக் கேட்கிறாள் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

மூன்றாண்டுகளுக்கு முன் வெள்ளநாளில் ஒரே பகலில் ஆயிரத்து நூறு வாயில்களைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. பெயர் பெயராக அழைத்தால் மூன்று மணி நேரம் ஆகும். மின்சாரம் அரைமணி தாங்குமா என்பதே ஐயம். ஆவுடைநாயகி அனுமதிப் பட்டியலில் ஒரே ஒரு வரி எழுதினாள்: "கீழத்தெருத் தொகுதி முழுவதும்; படிக்கவும் எழுதவும்." பெயர் கேட்காத வரி. அந்த எண்களிலிருந்து எவர் தட்டினாலும் ஆயிரத்து நூறு பெட்டகங்களும் திறக்கும். மறுநாள் வந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, வரியை அடித்துவிடுவதாக எண்ணியிருந்தாள். மறுநாள் வேறு தெரு மூழ்கியது.

"எழுதினது யாருன்னு நான் பதியல," என்றார் திரவியம். "'அவசரக் குழு'ன்னு போட்டு வச்சேன். ஒனக்காகத்தான். இப்ப அதக் கிண்டாத, ஆவுடை."

"அந்த எண்ணெல்லாம் இப்பப் பண்டகத்துல இருக்கு. அவங்க பெட்டகத்தப் பண்டகத்து மெஷின் தெறக்குது. அவங்களால தெறக்க முடியல."

"விதிப்படி பாத்தா தப்பில்லையே! பட்டியல்ல இருக்க எண்ணு தட்டுது, தெறக்குது."

"ஒம்பதாவது விதிப்படி நேர்ல போய்ப் பாத்து..."

"ஒம்பதாவது விதியா!" அவர் கையை உதறினார். "ரெண்டு சரிபார்ப்பாளர் நேர்ல போயி, அக்கம்பக்கத்துல விசாரிச்சு, மூஞ்சியப் பாத்துக் கையெழுத்துப் போடணும். அப்பத்தான் எண்ணு பொருந்தலன்னாலும் பெட்டகம் தெறக்கும். பதினோரு வருசமா ஒருத்தரும் போகல. எவனுக்கு நேரம் இருக்கு?"

ஒன்பது நொடியில் ஒரு குடும்பத்தை ஏற்கவோ தள்ளவோ தெரிந்த மன்றத்துக்கு, ஒரு முகத்தைப் பார்க்க மட்டும் நேரமில்லை. ஆவுடைநாயகி அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது அவளுக்குத் தோன்றிய வழி அவளுக்கே வெட்கத்தைத் தந்தது. பேழை ஆளைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறது. எண் கடலின்மேல் இருக்கிறது. அப்படியானால் ஆளைக் கொண்டுபோய் அங்கே நிறுத்த வேண்டியதுதான்.

விடுப்பு எழுதிக் கொடுக்காமலே அவர்களுடைய வண்டியில் ஏறினாள்.

பின்னிருக்கையில் சாய்ந்திருந்த போனிப்பாஸ் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். அகன்ற தோள், வெளிறிய முகம். "மேடம் எதுக்கு வாராவ?" என்று மனைவியைக் கேட்டான்.

"நம்ம தெருவுக்குத்தான் போறோம். அங்க போயி நின்னா ஒங்க மெஷினுக்குப் புத்தி வருமாம்."

"நம்ம தெருவா? நான் வாரத்துக்கு ரெண்டு மட்டம் அங்கதான முங்குதேன்! சவேரியார் செலை இருந்த கெபி மேல பாசி பிடிச்சுக் கெடக்கு," என்றான். மூச்சு வாங்கியது. "அப்பப் படிச்சிருக்கலாம்லா இந்த மெஷினு?"

"தண்ணிக்கடியில படிக்காது," என்றாள் ஆவுடைநாயகி.

"அது சரி. நமக்குப் படிப்பு ஏறுத லெச்சணம் அப்படி."

கித்தேரி அவன் வாயைப் பொத்தினாள். "பேசாதீங்க, மூச்சு போயிரும்."

கடற்கரைக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரமாயிற்று. படகுக்கு அனுமதி வாங்க அதற்குமேல் ஆயிற்று. நீருக்குமேல் நானூறு தூண்களில் பண்டகம் நின்றது. சன்னலே இல்லாத சாம்பல்நிறச் சுவர். படகு தூண்களுக்கிடையில் நுழைந்தபோது போனிப்பாஸ் தலையை நிமிர்த்தி, எண்ணிக்கொண்டே வந்தான். "இது ரேஷன் கடை. இது ஐஸ் கம்பெனி. இங்கன திரும்பணும்." பச்சைத் தண்ணீரைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. படகுக்காரர் அவன் சொன்ன இடத்தில் திரும்பினார். இறங்குதுறை அங்கேதான் இருந்தது.

பண்டகத்தின் காவற்பொறுப்பாளர் செல்லப்பெருமாள் என்பவர். பருத்த உடலும் சலித்த முகமுமாக வந்து, ஆவுடைநாயகியின் மன்ற அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே விட முடியாது என்றார். போனிப்பாஸின் உதட்டைப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை எடுத்துவந்து உட்சுவரை ஒட்டிப் போட்டார்.

"இங்கன உக்காருங்க. சுவத்துக்கு இந்தப் பக்கம் எந்தக் கருவி வந்தாலும் எங்க எண்ணுல ஒண்ணு தானா ஒட்டிக்கிடும். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது. என் பேரு எங்கயும் வரக் கூடாது."

போனிப்பாஸின் நெஞ்சில் சட்டைக்குள் சிவப்பாக ஒரு புள்ளி மினுங்கிக்கொண்டிருந்தது. கித்தேரி அதையே பார்த்தபடி நின்றாள். அவளுடைய உதடுகள் எதையோ முணுமுணுத்தன. மூன்று மணி பத்து நிமிடத்துக்குப் புள்ளி பச்சையாயிற்று. பேழை திறந்துவிட்டது. அளவு படிக்கப்பட்டுவிட்டது. சிறிது நேரத்தில் போனிப்பாஸ் நீளமாக மூச்சை இழுத்துவிட்டான்.

"கடலுக்கு மேல வந்து உக்காந்தாத்தான் நான் போனிப்பாஸு," என்றான். "மேட்டுல இருந்தா எவனோ!"

கித்தேரி அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஆவுடைநாயகி வேறுபக்கம் திரும்பினாள். செல்லப்பெருமாள் தன் திரையைப் பார்த்துக்கொண்டு தலையைச் சொறிந்தார்.

"ஏம்மா, நீங்க மன்றத்துல இருந்துதான வாறீங்க? ஒண்ணு கேக்கணும். திங்கக்கிழமையில இருந்து எங்க சர்வர்ல ஆயிரத்து நூறு பெட்டகம் வந்து நிக்கி. கலியாணப் படம், ரத்தச் சோதனை, புள்ளைக மார்க்கு, என்னெல்லாமோ கெடக்கு. யாரு சரக்குன்னே தெரியல."

"அதுல யாரும் கைவச்சாங்களா?"

"நாங்க எதுக்கு வைக்கோம்? வியாழன்தோறும் நாலு மணிக்குத் தானியங்கித் துப்புரவு ஓடும். பண்டகத்துச் சரக்குப் பட்டியல்ல இல்லாதது எல்லாத்தையும் அழிச்சுரும். இன்னைக்கு அதோட எல்லாம் சுத்தமாயிரும்."

ஆவுடைநாயகி திரையருகே போனாள். "நிறுத்துங்க," என்றாள்.

"நிறுத்தணும்னா மூணு நாளைக்கு முந்தியே எழுதிக் கேக்கணும்மா. என் கையில சுவிட்ச் இல்ல."

மூன்று மணி முப்பத்தைந்து. அவள் சுவரோரம் போய்த் திரவியத்தை அழைத்தாள். வரியை உடனே அடிக்க வேண்டும் என்றாள்.

"அடிச்சா என்ன ஆகும் தெரியும்லா?" என்றார் அவர். "பண்டகமும் தெறக்க முடியாது, அவங்களும் தெறக்க முடியாது. இப்பவாவது கடலுக்கு வந்து தெறக்கலாம். அந்த வாசலும் மூடிரும்."

"மூடலன்னா நாலு மணிக்கு உள்ள ஒண்ணுமே இருக்காது, அண்ணாச்சி. எழுதவும்னு நான்தான போட்டேன்! எழுத முடிஞ்சா அழிக்கவும் முடியும்."

"எழுதினவங்கதான் அடிக்கணும். தன் வாயால பேரச் சொல்லி அடிக்கணும். சொன்ன மறுநிமிசம் ஒன் பேரு பட்டியல்ல இருந்து போயிரும். சரிபார்க்காத வரிய எழுதினவ சரிபார்ப்பாளரா இருக்க முடியாது. ஒன் பெட்டகமும் மூடிரும், ஒன் வீட்டுக் கதவும் தெறக்காது. விசாரணை எப்ப முடியும்னு கடவுளுக்குத்தான் தெரியும்." குரலைத் தாழ்த்தினார். "பேசாம வா. துப்புரவுல போச்சுன்னா, பண்டகத்துத் தப்புன்னு போயிரும். ஒன் பேரும் இல்ல, என் பேரும் இல்ல."

அவள் திரும்பிப் பார்த்தாள். கித்தேரி, கணவனின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு, தரையில் வைத்திருந்த வாயிற்பெட்டியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தகட்டினால் இனி எதுவும் திறக்காது என்று அவளுக்குச் சொல்லியாயிற்று. இருந்தும் துடைத்தாள்.

"பதிவத் தொடங்குங்க," என்றாள் ஆவுடைநாயகி. குரல் அவள் நினைத்ததைவிட உரக்க எழுந்தது. "ஏழாவது மேசை ஆவுடைநாயகி. கீழத்தெருத் தொகுதி முழுவதும் என்ற வரியை எழுதியவள் நான். ஒரு பெயரையும் சரிபார்க்காமல் எழுதினேன். அந்த வரியை அடிக்கிறேன்."

மூன்று மணி நாற்பத்தெட்டு நிமிடத்துக்குச் செல்லப்பெருமாளின் திரையிலிருந்து ஆயிரத்து நூறு பெட்டகங்களும் ஒருசேர மறைந்தன. "அட, போயிட்டே!" என்றார் அவர். நான்கு மணிக்குத் துப்புரவு ஓடியது. அழிப்பதற்கு அதற்கு எதுவும் கிடைக்கவில்லை.

கித்தேரி நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் அவள் கேட்டிருந்தாள்.

கரை ஏறியபின் கித்தேரி ஒன்றைக் கேட்டாள். "இவியளுக்கு இன்னும் எத்தனை நாளு?"

"மூணரை நாள்."

"ம்," என்றாள். பிறகு, "ஒங்களுக்கு வீடு தெறக்காதுலா? வாங்க," என்றாள். அதில் அன்பு இருந்ததா, நடந்ததற்குப் பொறுப்பாளியைக் கண்பார்வையில் வைத்துக்கொள்ளும் எச்சரிக்கை இருந்ததா என்பதை ஆவுடைநாயகியால் அறிய முடியவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கும் மேட்டுக்குடியிருப்பில் ஒரு வாயிற்பெட்டியும் விழிக்கவில்லை. சாத்தினால் திறக்காது என்று திங்கட்கிழமையே தெரிந்துவிட்டதனால், கதவுகளைச் சாத்தாமல் செங்கல்லை அண்டக் கொடுத்திருந்தார்கள். ஆட்கள் தெருவில் நின்றார்கள். ஒன்பது மணியளவில் ஒரு வண்டி வந்து நின்றது. திரவியம் இறங்கினார். அவர் பின்னால் மன்றத்தின் பன்னிரண்டாவது மேசைப் பெண் இறங்கினாள். அவள் கையில் தடித்த காகிதப் பேரேடு ஒன்று இருந்தது. பல ஆண்டு திறக்கப்படாததனால் அதன் ஏடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

திரவியம் ஆவுடைநாயகியின் அருகில் வந்தார். "ராத்திரி பூரா யோசிச்சேன்," என்றார். "பேரப் பதியாம விட்டவன் நான்லா! அதையும் சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன். கையெழுத்துப் போடுத அதிகாரம் திங்கக்கிழமை வரைக்கும் இருக்கு எனக்கு. அதுக்குள்ள எத்தனை முடியுமோ அத்தனை."

ஒன்பதாவது விதியின்படி ஒரு குடும்பத்துக்கு நான்கு நிமிடம் ஆயிற்று. ஆள் முன்னே வந்து நிற்க வேண்டும். பெயரைச் சொல்ல வேண்டும். அண்டையார் ஒருவர் அவரை எப்படித் தெரியும் என்று வாயால் சொல்ல வேண்டும். இரண்டு சரிபார்ப்பாளரும் முகத்தைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். முதலில் போனிப்பாஸை நிறுத்தினார்கள். "இவனத் தெரியுமாவா? என் வலையக் கிழிச்சவன் இவன்," என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எழுதிக்கொண்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துப் போனிப்பாஸின் புள்ளி பச்சையாயிற்று. தெருவே ஆரவாரித்தது. ஆனால் வரிசை வளைந்து தண்ணீர்த்தொட்டியைத் தாண்டிப் போயிருந்தது. நான்கு நிமிடத்தை ஆயிரத்து நூற்றால் பெருக்கினால் என்ன வரும் என்பதை ஆவுடைநாயகி மனத்துக்குள் கணக்கிட்டாள். திங்கட்கிழமைக்குள் பாதிகூட முடியாது. மீதிப் பேர் யார் என்பதை யார் சொல்வார்கள்?

நண்பகலில் திரவியம் அவளைக் கூப்பிட்டார். "நீயும் நில்லு. விசாரணை தனி, பேரு தனி. பேரே இல்லாம நீ விசாரணைக்கு வந்து நின்னா ஒன்ன யாருன்னு கேப்பான்."

அவள் வரிசைக்கு முன்னால் போய் நின்றாள். ஆயிரம் கண்கள் அவளைப் பார்த்தன. பத்தொன்பது ஆண்டுகளாக அவளைத் தங்கை என்று அழைத்த மனிதர் பேனாவை எடுத்து, விதிப்படி அவளைக் கேட்டார்.

"பேரு?"

"ஆவுடைநாயகி."

"இவங்கள யாருக்குத் தெரியும்? சரிபார்ப்பாளர் சொல்லக் கூடாது. அண்டையார் யாராவது சொல்லணும்."

எவரும் வாய் திறக்கவில்லை. பன்னிரண்டாவது மேசைப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். ஆவுடைநாயகி தன் தெருவில் பக்கத்து வீட்டில் இருப்பவர் பெயரை நினைத்துப் பார்த்தாள். எண்தான் நினைவுக்கு வந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கித்தேரி முன்னால் வந்தாள். இடுப்பில் கையை ஊன்றி நின்று, ஆவுடைநாயகியின் முகத்தை நெற்றியிலிருந்து மோவாய்வரை நிதானமாகப் பார்த்தாள். ஒன்பது நொடிக்குமேல் ஆயிற்று.

"எனக்குத் தெரியும்," என்றாள். "மூணு வருசத்துக்கு முந்தி எங்க ஒருத்தர் மூஞ்சியும் பாக்காம எங்க எல்லாரையும் ஒரே வரியில எழுதினது இவதான். நேத்து அத அடிச்சதும் இவதான். அப்படியே எழுதிக்கிடுங்க."

திரவியம் அப்படியே எழுதிக்கொண்டார்.